மாப்பிள்ளையின் ஏழு தலைமுறை

"இவளுக்குத் தமிழிலை ஒரு இழவும் விளங்காது. நீ பயப்பிடாமல் கதை," என்றார் யோகராசா மனைவியிடம்.

'இவள்' என்று அவர் சொன்ன கரோலினா, எதிர்ச் சோபாவில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு புன்னகைத்தாள். பழைய பதிவுகளைத் துருவிக் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது அவள் தொழில். கறுத்த முடி, மாநிறம்.

"ஸ்பெயின்காரியாக்கும். தன்ரை அப்பன் ஆரெண்டு தெரியாததுகள் எல்லாம் மற்றவையின்ரை பரம்பரையைத் தோண்ட வந்திட்டுதுகள்."

"அப்பா, காணும்," என்றாள் மகள் துஷ்யா.

தன்னோடு வேலை செய்யும் தொமாஸைக் கல்யாணம் கட்டப்போகிறேன் என்று துஷ்யா சொல்லி இரண்டு மாதமாகிறது. நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். யோகராசா மருமகன்மூலமும் பார்ப்பவர். ஒஸ்லோவில் முப்பது வருடம் பேருந்து ஓட்டினார். ஏறியவர்களிடமெல்லாம் குலம் கோத்திரம் கேட்க நேரமில்லையே என்பதுதான் அந்த வேலையில் அவருக்கிருந்த ஒரே மனக்குறை.

"எங்கட பெடியன் எண்டால் ஊரிலை ஒரு ஆளைக் கேட்டாக் காணும். இவன் வெள்ளை. ஏழு தலைமுறையைக் கொண்டு வா. அதுக்குள்ளை ஒரு அழுக்கு இருந்தாலும் எனக்கு மகள் இல்லை. மகன் மட்டும்தான்," என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். எங்கோ தேடிப் பிடித்து, கரோலினாவை ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியிலிருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தது துஷ்யாதான்.

கமலாதேவி தேநீர் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டியையும் வைத்தார். கரோலினா அதில் ஒரு கடி கடித்து, ஊராட்களைப் போலவே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தேநீரை உறிஞ்சினாள். கமலாதேவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். யோகராசா கவனிக்கவில்லை. தன்னைத் தவிர வேறு எதையும் கவனித்து அவருக்குப் பழக்கமில்லை.

கரோலினா நோர்வீஜிய மொழியில் சொல்லத் தொடங்கினாள். தொமாஸின் முன்னோர் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர். முந்நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் பென்சில்வேனியாவுக்குப் போனவர்கள். பிறகு வேர்ஜீனியா, அதன் பிறகு ஒஹையோ. தொமாஸின் தாத்தா காலத்தில்தான் நோர்வே.

"ஊர் மாறும்போதெல்லாம் பழைய சபை ஒரு கடிதம் கொடுக்கும், இவர்கள் நல்லவர்கள் என்று. புது ஊர்ச் சபையில் அதைக் காட்டுவார்கள். அந்தக் கடிதங்களைப் பிடித்துக்கொண்டுதான் நானும் வந்தேன்."

"என்ன தொழில் செய்த ஆட்கள்?" யோகராசாவும் அதே மொழியில் கேட்டார்.

"தோல் பதனிட்டவர்கள். செருப்புத் தைத்தவர்கள்."

யோகராசா மூக்கைப் பொத்தாத குறை. "கேட்டியே?" என்றார் மனைவியிடம், தமிழில்.

"ஒரு இடத்தில் மட்டும் கடிதம் இல்லை," என்று கரோலினா தொடர்ந்தாள். "ஹன்னா என்று ஒரு பெண். சபைக்கு வெளியே ஒருவனைக் கட்டினாள். சபை அவளைத் தள்ளிவைத்துவிட்டது. தொமாஸ் அவள் வழியில் வந்தவர்."

யோகராசா தொடையில் தட்டினார். இரண்டு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தார்.

"குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு. அவளின்ரை வித்துத்தான் எங்கட வீட்டுப் படி ஏறப் பாக்குது," என்றவர், கரோலினாவின் பக்கம் திரும்பி மொழியை மாற்றினார். "அந்தச் சபை செய்தது சரி. அழுகின விரலை வெட்டத்தான் வேண்டும்."

துஷ்யாவுக்குக் கண் கலங்கியது. "அப்ப என்னையும் வெட்டுவியளோ, அப்பா?"

"அவனைக் கட்டினால், ஓம்."

கரோலினா கணினியில் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தாள். பிறகு, "உங்கள் பக்கத்தையும் பதிந்துகொள்கிறேன். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"என்னோடு மூன்று பேர். மூன்றும் ஆண்கள்."

"பெண்கள்?"

"கிடையாது."

கமலாதேவி கணவனைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

"ஒரு குடும்பம் நாடு மாறும்போது யாராவது ஒருவர் முதலில் போயிருப்பார். அவர்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார். குவேக்கரும் அப்படித்தான் போனார்கள்." கரோலினா திரையிலிருந்து கண்ணை எடுத்து யோகராசாவைப் பார்த்தாள். "நீங்கள் வந்தபோது உங்களுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?"

"ஒருவரும் இல்லை. தனி ஆளாக வந்தேன்." யோகராசா நெஞ்சை நிமிர்த்தினார். அந்தப் பெருமையைத் தமிழில் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. மனைவியைப் பார்த்துச் சொன்னார். "யோகராசா ஆரின்ரையும் தயவிலை வந்தவனில்லை எண்டு இவளுக்கு எங்கை விளங்கப்போகுது."

கரோலினா மிச்சப் பனங்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கணினியை மூடினாள்.

"உங்களை இஞ்சை கூப்பிட்டது என்ரை அம்மா, மாமா."