வாய்விட்டுச் சொல்லுங்கள்

"ரெண்டு கிலோ வண்டி ஒண்ணு, செகண்டுக்கு ஆறு மீட்டர் வேகத்துல வர்றது. முன்னால ஒரு கிலோ வண்டி சும்மா நிக்கறது. மோதி ரெண்டும் ஒட்டிண்டுடறது. அப்புறம் என்ன வேகத்துல போகும்? யோசிக்கறதை வாய்விட்டுச் சொல்லுங்கோ சார்."

ஜெய்ராமுக்கு நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"மோதறதுக்கு முன்னால, எடையை வேகத்தால பெருக்கினா, மொமெண்டம் பன்னிரண்டு. ரெண்டும் சேர்ந்தா மூணு கிலோ. அப்போ... நாலு. செகண்டுக்கு நாலு மீட்டர்."

"சரி," என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த வித்யாலக்ஷ்மி.

கல்கத்தா பவானிபூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன் அவன். இதே கணக்கை ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுபவன். ஆனால் பூஜை விடுமுறைக்கு முன்பு ஒருநாள், வகுப்பில் 'மொமெண்டம்' என்ற சொல்லே வராமல் சாக்பீஸும் கையுமாக நின்றுவிட்டான். மாணவர்கள் சிரித்தார்கள். இன்று தடுமாறினால் அந்த வகுப்புக்குள் இனி நுழையவே முடியாது.

அறை ஜில்லென்றிருந்தது. டாக்டர் சென் அவனுக்குப் பின்னால் இருந்தார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். காகிதமும் கிடையாது, பேனாவும் கிடையாது. வெளியே மனைவி பிரியம்வதா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தாள்.

"அடுத்தது. டாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குள்ள மெட்ரோ செகண்டுக்கு இருபது மீட்டர் வேகத்துல வர்றது. பிரேக் போட்டா செகண்டுக்கு ரெண்டு மீட்டர் வேகம் குறையறது. எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

"கால்குலேஷனை இங்கிலீஷ்ல சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார். வீட்டுல பேசற மாதிரி தமிழ்லயே சொல்லுங்கோ. அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கா."

"இருபதோட வர்க்கம் நானூறு. அதை நாலால வகுத்தா நூறு. நூறு மீட்டர்."

"சரி. ஒரே எடை, ஒரே அளவு. ஒண்ணு வளையம், இன்னொண்ணு கெட்டியான தட்டு. சரிவுல சேர்ந்தாப்பல உருட்டி விட்டா எது முதல்ல கீழே வரும்?"

சிரிப்பு வந்தது அவனுக்கு. தட்டுதான். வளையத்தின் எடையெல்லாம் விளிம்பில் இருக்கிறது. அதைச் சுழற்றவே பாதி சக்தி போய்விடும். விடை கண்ணுக்கு முன்னால் உருண்டது.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"சொல்லுங்கோ சார்."

"த... த..."

உதடு அசைந்தது, நாக்கு ஒத்துழைக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். வித்யாலக்ஷ்மி சட்டென்று கையை உயர்த்தினாள்.

"நின்னுடுத்து, டாக்டர்!"

பின்னாலிருந்து சென் பெங்காலியில் யாரிடமோ முணுமுணுத்தார். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த ஜெய்ராமுக்கு அது தெளிவாகப் புரிந்தது. "இங்கே வேண்டாம். விட்டுவிடலாம்."

தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே தோன்றியது. கண் கலங்கியது.

"பயப்படாதீங்கோ. இன்னொரு தடவை கேக்கறேன். வளையமா, தட்டா?"

"தட்டு!" இந்தத் தடவை பீரங்கிக் குண்டு மாதிரி வந்து விழுந்தது. "தட்டுதான். வளையம் சுத்தறதுக்கே பாதி சக்தியைச் செலவழிச்சுடும்."

அவள் கண்கள் சிரித்தன. அதற்குப் பிறகும் கேள்விகள் தொடர்ந்தன. மோதும் பந்துகள், சுற்றும் பம்பரம், மாடியிலிருந்து விழும் கல். ஒவ்வொன்றையும் உரக்கச் சொன்னான். குரல் கம்மியது, நிற்கவில்லை.

கடைசியில் பின்னாலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு.

"போதும்," என்றார் டாக்டர் சென். "முடிந்தது."

"பாஸா, ஃபெயிலா மேடம்?" என்று ஜெய்ராம் பயந்துகொண்டே கேட்டான்.

வித்யாலக்ஷ்மி குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூளையில இருந்த கட்டி முழுசா வந்துடுத்து சார், பேச்சு நின்ன அந்த இடத்தைத் தொடாம, உங்க பேச்சுக்கு ஒரு சேதமும் இல்லாம! இனிமே நீங்க தூங்கலாம், மண்டையோட்டை மூடித் தையல் போடறதுதான் பாக்கி."