உயிரோடு இருப்பது

தன் வார்டில் காய்ச்சலால் இறந்துபோன ஃபஸ்லானின் தாய் சிபானாவைத் தேடி, தொற்றுநோய்ப் பேராசிரியர் இன்சாப் அவள் ஊரான கண்டக்குழிக்கு வந்திருந்தார்.

"உங்கட மகன்ட ரத்தத்தில செய்த ஆராய்ச்சியால இப்ப கனபேர் பிழைக்கிறாங்க, உம்மா."

"அந்த ரத்தத்தில ஏதாச்சும் இன்னும் உயிரோட இருக்கா, டொக்டர்?"

"ஓம். ஆய்வுகூடத்தில வளருது."

"நான் பாக்கலாமா?"

வளர்வது மகனின் உயிர்தான் என்று சிபானா நம்புவதாக அவருக்குப் பட்டது. உண்மையைச் சொல்லாமல், போனில் படத்தைக் காட்டினார். கண்ணாடித் தட்டில் வெள்ளைப் புள்ளிகள்.

நெடுநேரம் பார்த்தாள்.

"என்ட புள்ளய மவுத்தாக்கின கிருமி இதுதானா? இது சாகாதா?"

"நாங்க சாகவிட மாட்டோம். ஆராய்ச்சிக்கு வேணும்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ட புள்ளயையும் இப்படிச் சாகவிடாம வெச்சிருக்கலாமே, டொக்டர்."