நடுத்தெருவில் கதிரை

நவமலர் வாசல் பனியை அள்ளி முடித்து நிமிர்ந்தபோது, தெருப்பனியை ஒதுக்கும் வண்டி மறுபடியும் வந்து, அத்தனையையும் அவளுடைய காரின் முன்னே குவித்துவிட்டுப் போனது. நேற்றும் இதே கதைதான். நேற்றுத் தவறிய டயாலிசிஸ் இன்றும் தவறினால் கணவரின் உடம்பு தாங்காது என்று தாதி சொல்லியிருந்தாள்.

உள்ளே குகநேசன் வீங்கிய கால்களை நீட்டியபடி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்கில பனியாம், தெற்கில மழையாம். நாடு முழுக்கப் புயலாம்."

"எங்கட வாசலில என்னவாம் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குசினிக் கதிரையைத் தூக்கிப்போய் நடுத்தெருவில் வைத்தாள். அவருக்கு இரண்டு கோட்டுகளை மாட்டி, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அதில் இருத்தினாள். பனி மழையாக மாறியிருந்தது. குடையை விரித்துப் பிடித்தாள்.

"உனக்கென்ன விசரே? சனம் பாக்குது."

"பாக்கட்டும். பேசாம இருங்கோ."

வண்டி திருப்பத்தில் தெரிந்தது. ஹோர்ன் அடித்தது. அவள் அசையவில்லை. மிக அருகே வந்து நின்ற வண்டியிலிருந்து சாரதி இறங்கினான். அவனை ஏசுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. அவனோ குகநேசனின் கால்களைப் பார்த்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் கேட்டான்.

குகநேசன்தான் பெயரைச் சொன்னார். இருவருமாக அவரை உயரமான வண்டிக்குள் தூக்கி ஏற்றினார்கள்.

"மேல இருந்து பாக்க வடிவாத்தான் கிடக்கு," என்றார் அவர், மூச்சு வாங்க.

நவமலர் அவரருகே ஏறி உட்கார்ந்து, சில்லிட்டிருந்த அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.