வெள்ளிக்கிழமைச் சோதனை

"இனிமேல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் லேப்டாப்பை ஆபீஸ்ல ஒப்படைச்சிடணும். சோதனை இருக்கு. திங்கட்கிழமை காலையில வாங்கிக்கலாம்."

வீடியோ மீட்டிங்கில் மேனேஜரம்மா சொல்லி முடித்ததும் அவனுக்குச் சுருக்கென்றது.

"பார்த்தியா? வீட்டுல உட்கார்ந்து ஏமாத்துறோம்னு சந்தேகம்!" என்று மனைவியிடம் பொரிந்தான்.

வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. இரண்டு வருஷமாகப் படுக்கையறை மூலைதான் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமைகூட யார் யாரோ திட்டுவதற்கு மன்னிப்புக் கேட்டுத் தட்டிக்கொண்டிருப்பான். அவனைப் போய்ச் சோதிப்பதா?

"கோபத்துலயாவது பேசினீங்களே. உங்க குரலே மறந்து போச்சு" என்றாள் மனைவி.

முதல் வெள்ளிக்கிழமை அவன் குழுவிலிருந்த எட்டுப் பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார்கள். திரையில் தலையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள்.

"நீங்க இவ்வளவு உயரமா!"

"நீங்கதான் ரொம்பக் குள்ளம்!"

சிரிப்பு பீறிட்டது. டீயைக் குடித்துக்கொண்டே மேனேஜரம்மாவை ஆசைதீரத் திட்டியதில் மணி ஆறாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கை பரபரத்தது. லேப்டாப் இல்லை. போக்கிடமில்லாமல் மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கப் போனான். இருவரும் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தார்கள்.

"அம்மா, அப்பாவுக்குச் சிரிக்கத் தெரியுது!"

இரண்டு மாதத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை. படுத்தால் தூக்கம் வந்தது. ஆனால் தன்னைச் சந்தேகப்பட்டது மட்டும் முள்ளாய்க் குத்தியது.

ஒரு திங்கட்கிழமை, லேப்டாப்பை எடுத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் கேட்டேவிட்டான்.

"என்ன சார், இத்தனை வாரம் சோதிச்சதுல நான் ஏதாவது திருட்டுத்தனம் பண்ணியிருக்கேனா?"

அவர் விழித்தார். "சோதனையா? அலமாரியில வச்சுப் பூட்டுறேன், திங்கட்கிழமை திறக்கிறேன். அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"போன வருஷம் மேடம் ரெண்டு மாசம் லீவுல இருந்தாங்கல்ல? ராத்திரி பகல்னு பார்க்காம வேலை செஞ்சு, மனசு ஒடிஞ்சு போச்சு அவங்களுக்கு. 'என் ஆளுங்களுக்கு அது வரக்கூடாது. ஓய்வெடுங்கன்னு சொன்னா எவனும் கேட்க மாட்டான், பிடுங்கி வச்சாத்தான் உண்டு'ன்னாங்க."

அவன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தான்.

"அலமாரியில முதல்ல போறதே அவங்க லேப்டாப்தான் சார். 'ஞாயித்துக்கிழமை நானே வந்து கெஞ்சினாலும் சாவியைக் குடுத்துடாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாங்க!"