பெயர் எழுதாத அட்டை

அந்த அலுவலகத்தில் யாராவது வேலையை விட்டுப் போனால், பழுப்பு ஃபைலுக்குள் ஒரு வாழ்த்து அட்டையை ஒளித்துவைத்து மேசை மேசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். போகிறவரின் மேசைக்கு மட்டும் அந்த ஃபைல் வராது. வெள்ளிக்கிழமை ஒருவரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், யாரென்று மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும் என்று பேச்சு. திங்கட்கிழமையிலிருந்து ஃபைல் சுற்றியது. தமயந்தியின் மேசையை இரண்டுமுறை தாண்டிப் போனது. அவள் நிமிர்ந்தால் பேச்சு நின்றது. வியாழன் மதியம் அட்டெண்டர் சூசை அதை அவள் முன் வைத்தபோதுதான் மூச்சு வந்தது.

“யாருக்குண்ணே?”

“பேரை சார் கடைசியில எழுதிக்குவாராம். போடுங்க மேடம், நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

பெயருக்கான கோடு காலியாக இருந்தது. அதன்கீழ் பதினோரு கையெழுத்துகள். மேனேஜர் நீங்கலாக, அவளையும் சேர்த்து அங்கே மொத்தம் பன்னிரண்டு பேர். நிமிர்ந்தாள். துக்க வீட்டில் பார்ப்பதுபோல் பதினோரு பேரும் அவளைப் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி பேனாவை எடுத்து, நிதானமாகப் பன்னிரண்டாவதாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்.

அவர்கள் மெல்லத் திரும்பி ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள்.