பெயருக்கு முன்னால்

"நூத்தி எண்பது அட்டையும் வேண்டாம். புதுசா அடிச்சிடலாம். பேர் மட்டும் போதும். முன்னாடி முனைவர், பேராசிரியர், தலைவர்னு எதுவும் வேண்டாம்."

அவளுடைய ஆய்வு நெறியாளர் வாசலில் நின்றபடியே சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம். மாநாடு வியாழக்கிழமை.

நீள மேசை முழுக்கப் பெயர் அட்டைகள் பரப்பிக் கிடந்தன. ஜன்னல் வெயில் பட்டு, பிளாஸ்டிக் உறைகள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி மினுங்கின. இருபத்திரண்டு நாட்டுச் சமூகப் போராளிகளும், அவர்களோடு உட்கார்ந்து பேச வரும் இளம் ஆய்வாளர்களும் அதில் மிதந்துகொண்டிருந்தார்கள். அவளும்தான்.

தன் அட்டையைக் காலையிலிருந்து நாலு தடவை கழுத்தில் மாட்டிப் பார்த்துவிட்டாள். ஆய்வேட்டைக் கொடுத்து ஏழு மாதம். தேர்வாளர்கள் முடிவு இந்த வாரம் வந்துவிடும், வந்தால் பட்டம்தான் என்று எல்லோரும் சொன்னதால், பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று தைரியமாக அடித்தும்விட்டாள். மாட்டியதும் அந்தச் சின்ன அறை விரிந்து மண்டபமாகும். எங்கிருந்தோ ஒலிபெருக்கி அவளைப் பட்டத்தோடு கூப்பிடும். கடைசி வரிசையில் அப்பா எழுந்து நிற்பார்.

அப்பா லிப்ட் மெக்கானிக். "ஊரையே மேல ஏத்தி விட்டேன், என் வீட்டுலருந்து இப்பதான் ஒருத்தி ஏறுறா" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவைத்திருந்தார். துவக்க விழாவுக்கு வர லீவும் போட்டாயிற்று.

"ஏன் மேடம் இப்படி?" என்றாள்.

"ஒரு மேசைக்கு ரெண்டு பேர். ஒரு தலைவர், ஒரு ஆய்வாளர். யார் பெரியவங்க, யார் சின்னவங்கன்னு அட்டை பேசக் கூடாது."

"இந்த ஞானம் நாலு மாசமா எங்க போயிருந்துச்சு?"

"லேட்டாத்தான் வந்துச்சு, வக்கீலம்மா." துறையில் அவளுக்கு அதுதான் பெயர்.

வக்கீல் எழுந்துவிட்டாள். "அந்தத் தலைவர்களுக்குப் பட்டம் தேவையில்ல மேடம். அவங்க முகமே போதும். எங்களுக்கு? கோட்டு போட்டுக்கிட்டுப் போய் நின்னாலும் 'டீ எங்க வச்சிருக்கு பாப்பா'ன்னுதான் கேக்கறாங்க. அந்த ஒரு வார்த்தை இருந்தாத்தான் நின்னு கேப்பாங்க. சமத்துவம்னா இருக்கிறவங்க கொடுக்கணும். இல்லாதவங்ககிட்டருந்து புடுங்கறது இல்ல."

"நீ சொல்றது சரிதான்."

"அப்புறம்?"

"அடிச்சிடலாம்."

அவளுக்குச் சுரீரென்றது. "நீங்க பட்டம் வாங்கி இருபது வருஷம் ஆச்சு. ஏறி முடிச்சிட்டு ஏணியை எட்டி உதைக்கிறீங்க. உங்ககிட்ட படிச்ச பொண்ணு உங்க பக்கத்துலயே அதே பட்டத்தோட நிக்கிறது பொறுக்கல, அதானே?"

நெறியாளர் மேசையில் தேடித் தன் அட்டையை எடுத்தார். முதலில் அதைத்தான் உறையிலிருந்து உருவினார். பிறகு கத்தரிக்கோலோடு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை பிரின்டர் மட்டும் முனகிக்கொண்டே பெயர்களைத் துப்பியது.

வியாழக்கிழமை மண்டபம் நிஜமாகவே கனவு மாதிரி இருந்தது. இருபது மொழிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தூரத்து மழையின் சத்தமாகக் கேட்டன. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அப்பா மேசை மேசையாக மிதந்துபோய் அட்டைகளைப் படித்துவிட்டு வந்தார்.

"ஏம்மா, அந்த வெள்ளை முடி அம்மா யாரு?"

"தனியா நின்னு ஒரு சுரங்கத்தையே இழுத்து மூட வச்சவங்கப்பா."

"அவ்வளவு பெரிய மனுஷியா! அவங்களுக்கும் வெறும் பேருதானா?" அப்பா அவளுடைய அட்டையைத் தொட்டுப் பார்த்தார். "அவங்களும் நீயும் ஒண்ணு!"

அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை.

அவளுக்குத்தான் மனசு ஆறவில்லை. போதாக்குறைக்கு, மத்தியானம் ஒரு தலைவர் அவளிடம் வந்து டீ எங்கே என்று கேட்கவும் செய்தார். நெறியாளர் எதிரே வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை. விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு கடைசி வேன் விமான நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு, காலி மண்டபத்தில் நெறியாளர் ஓர் உறையை நீட்டினார்.

"உன் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. மூணாவது இயலைத் திரும்ப எழுதணும். ஆறு மாசம் கொடுத்திருக்காங்க. எழுதிடலாம். சண்டை போட்டுக்கிட்டே எழுதலாம்."

மண்டபம் மெல்லச் சுருங்கி ஒரு சின்ன அறையானது. அவள் கடிதத்தைப் பிரித்தாள். எழுத்துகள் எல்லாம் நீரில் மிதந்தன. மேல் ஓரத்தில், 'நெறியாளர் வழியாக' என்பதற்குக் கீழே, நன்றாகப் பழகிய அந்தக் கையெழுத்து மட்டும் அசையாமல் நின்றது:

'பெற்றுக்கொண்டேன். செவ்வாய், காலை 11.40.'