பேச்சுப் பரீட்சை

கணவர் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொள்வதற்காகத்தான் படிக்கிறேன் என்று பிரெஞ்சில் சொன்னேன். திக்காமல், திணறாமல். எனக்கே பெருமையாக இருந்தது.

லேப்டாப்பில் மதாம் ஒடில் கண்ணாடியைக் கழற்றினார். மான்ட்ரியாலில் ஓய்வுபெற்ற டீச்சர் அவர். வாரம் இரண்டு நாள், நமக்குக் காலை ஆறரை மணிக்கு, என்னோடு அரை மணி நேரம் பேசுவார். நான் வாய் திறந்து பிரெஞ்சு பேசுவது அவரோடு மட்டும்தான். இந்த நெய்யூரில் வேறு யாரோடு பேச, மீன்காரியோடா?

அவருக்குப் புரியவில்லை. கூப்பிடுவதற்கும் பிரெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

விளக்கினேன். என் கணவர் ஆன்ஸ்லின் அங்கே போய் நாலு வருஷம். மனைவி பிரெஞ்சுப் பரீட்சை பாஸானால்தான் விசாவுக்குப் பேப்பர் போட முடியும் என்று அவர்தான் சொன்னார். முதலில் ஏ டூ என்கிற நிலை போதும் என்றார். பாஸானேன். சட்டம் மாறிவிட்டது, அடுத்த நிலையான பி ஒன் வேண்டும் என்றார். லேபில் டூட்டி முடிந்து வந்து, கண் எரிய எரியப் படித்து அதையும் பாஸானேன். இப்போது அதற்கும் மேலே பி டூ. எழுத்தெல்லாம் சரி, பேச்சில்தான் இரண்டு தடவை கோட்டை விட்டேன்.

சபைக்கே இது தெரியும். மாமியார் செல்லபாய் ஞாயிறுதோறும் ஜெபக்குறிப்புச் சீட்டு எழுதிக் கொடுப்பார். "சகோதரி ஷைஜாவின் பிரெஞ்சுப் பரீட்சைக்காக" என்று போதகர் வாசிப்பார். இருநூறு பேர் கண்ணை மூடி ஆமென் சொல்வார்கள்.

மதாம் ஒடில் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டாராம். அந்தப் பெண்ணுக்குப் பிரெஞ்சில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாதாம். கணவர் மனு போட்டால் போதும், மனைவிக்குப் பரீட்சை கிடையாது என்றார்.

நான் நம்பவில்லை. அவர் அரசாங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீனில் காட்டினார்.

பிரெஞ்சில்தான் இருந்தது. முழுக்க வாசித்தேன். ஒரு வார்த்தைக்கும் அகராதி தேவைப்படவில்லை.

நாசமாய்ப் போவான். நான் பாஸாகப் பாஸாகப் பரீட்சையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். என்னை வரவிடாமல் பண்ண இவ்வளவு மரியாதையான வழி வேறு யாருக்குத் தோன்றும்? இத்தனை வருஷம் ‘அவர்’ என்று பழகிய வாய்க்கு ‘அவன்’ என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டு அடுக்களைக்குப் போனேன். மாமி புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே ஆள். பெற்ற மகன் இப்படிச் செய்தான் என்று கேட்டால் தாங்குவாரா என்று பயமாக இருந்தது.

அவரை நோகடிக்காமல் பாதிதான் சொன்னேன். கனடா போக எனக்குப் பரீட்சையே வேண்டாமாம், மாமி.

துருவுகிற கை நின்றது. மெய்யாவா என்று கேட்பார் என நினைத்தேன்.

"இத ஒனக்கு ஆரு மக்கா சொன்னா?"